சஸ்பெண்ட் செய்யுங்கள், ஆனால் மனநலக் கவுன்சிலரை வீரர்களிடமிருந்து பறிக்காதீர்கள்

கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உட்காரும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கல்லூரி அணிகளோடு பல வருஷமாக வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். கணுக்காலுக்கு டேப் சுற்றுவதும், ஆபரேஷன் முடிந்த முட்டியை மறுபடி மடக்க வைப்பதும் என் வேலை. அந்த மேஜையில் படுத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள், கோச்சிடம் சொல்லாததை, வீட்டில் சொல்லாததை. அதையெல்லாம் இங்கே கொட்டப் போவதில்லை, அது அவர்களுடைய விஷயம். நான் எழுதுவது உங்கள் பக்கம் நடப்பதைப் பற்றி. ஒரு வீரர் மீதோ வீராங்கனை மீதோ புகார் வந்த நாளிலிருந்து நீங்கள் அவர்களை நடத்தும் விதத்தைப் பற்றி.

குடித்துவிட்டு ஹாஸ்டலில் ரகளை, சக வீரரை அடித்தது, போதைப்பொருள் சோதனையில் மாட்டியது, பரீட்சையில் காப்பி, எதுவாகவும் இருக்கட்டும். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் என்று ஒரு கடிதம் போகிறது. சரி, அது உங்கள் அதிகாரம், பல சமயம் தேவையும்கூட. ஆனால் அந்த ஒரு கடிதத்தோடு சேர்ந்து வேறு என்னென்ன போகிறது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தீர்களா? பயிற்சி நின்றுவிடுகிறது. ஜிம்முக்குள் நுழைய முடியாது. டீம் குழுவிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது, கூட இருந்தவர்கள் பேசப் பயப்படுகிறார்கள். டீம் டாக்டரும் டீம் கவுன்சிலரும் நானும் "டீமுக்கானவர்கள்" என்பதால் எங்களிடமும் வரக்கூடாது என்று ஆகிவிடுகிறது. பல இடங்களில் இப்படி ஒரு விதியே எழுதப்பட்டிருக்காது, ஆனால் நடைமுறையில் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் வரலாம் என்று யாரும் சொல்வதில்லை. தப்பு செய்த பிள்ளைக்கு ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய தேவை மிக அதிகமாக இருக்கும் அந்த வாரத்தில்தான், பேசக்கூடிய எல்லாக் கதவுகளையும் நாம் ஒரே நேரத்தில் சாத்துகிறோம்.

மற்ற மாணவர்களுக்கு இது இவ்வளவு கடுமையாக இருக்காது. சஸ்பெண்ட் ஆன ஒரு பொருளாதார மாணவருக்கு நண்பர்கள் மிஞ்சுவார்கள், பாடம் மிஞ்சும், அவர் யார் என்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். பத்து வயதிலிருந்து நீச்சல்குளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படி இல்லை. நண்பர்கள் டீமில் இருக்கிறார்கள், தூக்கமும் சாப்பாடும் பயிற்சி நேரத்தை வைத்து ஓடுகின்றன, படிப்புக்கான பணமும் விளையாட்டிலிருந்துதான் வருகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்று விதி வைத்திருக்கிறது. ஆனால் அதே அமைப்பு வீரர்களிடமே கேட்டு எடுத்த கணக்கில், மேல்மட்டப் பிரிவில் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் மேல் விளையாட்டுக்கே போகிறது. வகுப்பு இதற்கு மேல்தான். இவ்வளவு நேரம் ஒன்றில் ஊறியவர்களிடமிருந்து அதை ஒரே நாளில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் தண்டனைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

(உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வரும். கல்லூரி விளையாட்டு அங்கே அவ்வளவு பெரிய ஏற்பாடு, நல்லதும் கெட்டதும் ஆவணமாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் கடிதம் உங்கள் எல்லோருக்கும்தான், எந்த நாட்டில் இருந்தாலும்.)

2024-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு, 2002 முதல் 2022 வரையிலான இருபது வருஷத்தில் என்.சி.ஏ.ஏ. வீரர்களிடையே நேர்ந்த மரணங்களை எடுத்துப் பார்த்தது. மொத்தம் 1,102 மரணங்கள், அதில் 128 தற்கொலைகள். முதல் பத்து வருஷத்தில் மொத்த மரணங்களில் தற்கொலையின் பங்கு 7.6 சதவீதம், அடுத்த பத்து வருஷத்தில் 15.3 சதவீதம். இதில் எத்தனை பேர் ஒழுங்கு நடவடிக்கையில் இருந்தார்கள் என்று அந்த எண் சொல்லாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. உடம்பு திடமாக இருக்கிறது, ஆகவே மனசும் தாங்கும் என்று விசாரணை அறையில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோமே, அதற்குத்தான் இந்த எண்ணைக் காட்டுகிறேன்.

கேட்டி மேயர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன், கோல்கீப்பர். 2019 தேசிய இறுதிப் போட்டியின் பெனால்டி ஷூட்அவுட்டில் இரண்டு பந்துகளைத் தடுத்து அணியை ஜெயிக்க வைத்தவர். 2021 ஆகஸ்டில் இன்னொரு வீரர் மீது காபியைக் கொட்டினார் என்று ஒரு புகார். அதற்கான முறையான குற்றச்சாட்டுக் கடிதம் ஆறு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 28 மாலையில், மின்னஞ்சலில் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படலாம் என்ற வரியும் அதில் இருந்தது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. குடும்பம் வழக்குப் போட்டது, தாங்கள் பொறுப்பல்ல என்று பல்கலைக்கழகம் மறுத்தது. யார் பொறுப்பு என்பதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் என்று யாராலும் சுட்டிக்காட்டவும் முடியாது. ஆனால் ஒரு மாணவியின் வாழ்க்கையையே புரட்டக்கூடிய கடிதத்தை அலுவலகம் மூடிய பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அனுப்பலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 2024-இல் கலிஃபோர்னியா மாநிலம் அவர் பெயரால் அறியப்படும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒழுங்கு நடவடிக்கையைச் சந்திக்கும் மாணவர் தன்னோடு ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்ள வழி செய்யும் சட்டம். இவ்வளவு சின்ன விஷயத்துக்குச் சட்டம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நாளைக் காலையே நீங்கள் செய்யலாம். கடிதத்தை வேலை நாளில், பகல் நேரத்தில், நேரில் கொடுங்கள், பக்கத்தில் அந்தப் பிள்ளை நம்பும் ஒருவர் இருக்கட்டும், அன்று இரவு யார் அவரோடு இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பணமும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் "நடத்தை சரியில்லை" என்று எழுதும் பலவும் நோயின் முகமாக இருக்கலாம். மனச்சோர்வு என்றதும் மூலையில் அழுதுகொண்டிருக்கும் ஒருவரைத்தான் நினைக்கிறோம். இளைஞர்களிடம், முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம், அது எரிச்சலாகவும் கோபமாகவும் குடியாகவும் பயிற்சிக்கு வராமல் ஒளிவதாகவும் வருவது சாதாரணம். தலையில் அடிபட்டவர்களிடம் இன்னும் தெளிவு. மைதானத்தில் நாங்கள் பயன்படுத்தும் கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) பரிசோதனைப் படிவத்தில் தலைவலி, மயக்கத்தோடு எரிச்சல், வழக்கத்தை மீறிய உணர்ச்சிவசம், சோகம், தூக்கம் வராமை ஆகியவையும் அறிகுறிகளாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தப் படிவம் உங்கள் கல்லூரியிலேயே ஒரு அலமாரியில் இருக்கிறது.

ஒரு பையன் ஞாபகம் வருகிறான். பெயர், ஊர், விளையாட்டு எதுவும் வேண்டாம். ஒரே சீசனில் இரண்டு முறை தலையில் அடி. அதுவரை சத்தமாகக்கூடப் பேசாதவன், உடைமாற்றும் அறையில் ஒரு சின்ன கிண்டலுக்குச் சக வீரனின் முகத்தில் குத்திவிட்டான். பல் உடைந்தது. கமிட்டி கூடியது, வீடியோ பார்த்தார்கள், இரண்டு சாட்சிகளைக் கேட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். மருத்துவக் கோப்பை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கன்கஷனும் தேதியோடு அதில் இருந்தன. அவன் குத்தினானா என்றால் குத்தினான், தண்டனை கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அடி வாங்கிய பையனும் என் மேஜையில் படுப்பவன்தான், அவனுக்கு வலி இருந்தது, பயமும் இருந்தது, அவனிடமும் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தண்டனையை முடிவு செய்த அந்த அறையில் இரண்டு பேரைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொள்ளாமலே முடிவு செய்தார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. குத்தியவன் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் "மனநலம்" என்று ஒரு சீட்டை நீட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா? கூடாது. மனச்சோர்வில் இருக்கும் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை, யாரையும் சீண்டுவதில்லை. செய்ததற்கெல்லாம் நோயைக் காரணம் காட்டினால் நோயில் இருக்கும் மற்ற எல்லோர் மீதும் சந்தேகத்தைத் திருப்பிவிடுவோம். அதைவிட முக்கியம், இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சை வைத்துத்தான் பல கல்லூரிகள் பாதிக்கப்பட்ட பெண்களை மௌனமாக்கியிருக்கின்றன. பெய்லர் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான விசாரணை முடிவுகளை மறுபடி எடுத்துப் படியுங்கள். பாலியல் வன்முறைப் புகார்களைக் கால்பந்துத் துறையினர் முறையான வழிக்கு அனுப்பாமல், பயிற்சியே இல்லாத தங்கள் ஆட்களை வைத்துத் தாங்களே விசாரித்திருக்கிறார்கள், புகார் கொடுத்தவர்களின் பேச்சை மதிப்பிழக்கச் செய்திருக்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளர் பதவி போனது, பல்கலைக்கழகத் தலைவர் பதவியும் போனது. அதற்கு முந்தைய வருஷமே, 2015-இல், அமெரிக்காவின் தென்கிழக்குக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு, பாலியல் வன்முறைக்காகவோ குடும்ப வன்முறைக்காகவோ வேறு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட வீரரைத் தங்கள் கல்லூரிகள் சேர்க்கக்கூடாது என்று விதி போட்டது. அந்த விதி எனக்குச் சரியாகத்தான் படுகிறது. படிப்பைத் தொடரும் வாய்ப்பு வேறு, ஆயிரக்கணக்கானோர் கைதட்ட மைதானத்தில் இறங்கும் வாய்ப்பு வேறு. பின்னதை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, பாதிக்கப்பட்டவர் அதே வளாகத்தில் நடமாடிக்கொண்டிருக்கும்போது இன்னும் இல்லை. அதே நேரம், அப்படி நீக்கப்பட்டவரும் ஒரு கவுன்சிலரைப் பார்க்கலாம். பார்க்க வேண்டும். சிகிச்சை என்பது மன்னிப்பு இல்லையே.

ஆகவே இரண்டையும் பிரித்து வையுங்கள் என்கிறேன். என்ன செய்தார், அதற்கு என்ன தண்டனை என்பதை ஒரு குழு முடிவு செய்யட்டும், அந்தக் குழுவில் கோச் இருக்கக்கூடாது. அவருடைய உடல், மனநிலையை வேறு ஆட்கள் பார்க்கட்டும், தண்டனை என்னவானாலும் அது நிற்கக்கூடாது. கோச் ஏன் கூடாது என்று விளக்க வேண்டுமா? ஒரே இரவில், ஒரே பார்ட்டியில் மாட்டிய இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் முதல் பதினொன்றில் ஆடுகிறவன், அவனுக்கு "உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்". இன்னொருவன் பெஞ்சில் உட்காருகிறவன், அவனுக்கு விதிமுறை, கமிட்டி, கையெழுத்து எல்லாம். அவனுடைய ஸ்காலர்ஷிப் போனது. இரண்டாவது வாய்ப்பு கோச்சின் கையில் இருக்கும்வரை அது கோல் அடிப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். நட்சத்திரத்துக்கு மூன்றாவது, நான்காவது வாய்ப்பும் கிடைக்கும், அது அவனுக்கும் நல்லதில்லை, அவனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிச்சயமாக நல்லதில்லை.

தண்டனைக்கு எழுத்தில் ஒரு படிக்கட்டு வேண்டும். முடியாத காரியம் இல்லை, சூதாட்டத்துக்கு ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். 2023-இல் என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்த வழிகாட்டுதலில், தன் கல்லூரி சம்பந்தப்படாத, தன் விளையாட்டில் இல்லாத போட்டிகளில் பந்தயம் கட்டிய வீரருக்குத் தொகையை வைத்துப் படிப்படியாகத் தண்டனை வைத்தார்கள். 200 டாலர் வரை என்றால் விழிப்புணர்வு வகுப்பு மட்டும். 201 முதல் 500 வரை என்றால் சீசனில் 10 சதவீதம் ஆடாமல் உட்கார வேண்டும், 800 வரை 20 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். தன் ஆட்டத்தையே விலை பேசியவருக்குக் கல்லூரி விளையாட்டிலிருந்து நிரந்தரமாக வெளியேற வேண்டிய நிலைகூட வரலாம். எண்கள் சரியா தவறா என்பது வேறு விவாதம். எந்தச் செயலுக்கு என்ன விலை, எப்போது திரும்ப வரலாம், எதற்குத் திரும்பவே முடியாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள், பெஞ்சில் இருப்பவருக்கும் அதே அட்டவணைதான். பணப் பந்தயத்துக்கு இவ்வளவு யோசிக்க முடிந்தால், கைகலப்புக்கும் குடிக்கும் ஹாஸ்டல் ராகிங்குக்கும் யோசிக்க முடியாதா?

தண்டனையும் சிகிச்சையும் ஒரே விதியில் அருகருகே நிற்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு விதித்தொகுப்பின் 2021 பதிப்பில், கஞ்சா, கோகெயின் போன்றவற்றைப் போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்தது நிரூபணமானால் மூன்று மாதத் தடை, சிகிச்சைத் திட்டத்தை ஒழுங்காக முடித்தால் அது ஒரு மாதமாகக் குறையலாம். அமெரிக்கக் கல்லூரி ஓட்டப்பந்தய வீராங்கனையாக 2019-இல் தேசிய சாம்பியன் ஆன ஷகாரி ரிச்சர்ட்சன் இந்த விதியில்தான் வந்தார். தன்னைப் பெற்ற அம்மாவின் மரணச் செய்தியை ஒரு நிருபர் மூலம் தெரிந்துகொண்ட நாட்களில் கஞ்சா எடுத்ததாக அவரே சொன்னார். தகுதிப் போட்டியில் ஜெயித்தது ரத்தானது, டோக்கியோ ஒலிம்பிக் போனது. சின்ன தண்டனை இல்லை அது. ஆனால் ஆலோசனைத் திட்டத்தை முடித்து ஒரு மாதத் தடையோடு வெளியே வந்தார், 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 100 மீட்டரை 10.65 விநாடியில் ஓடி ஜெயித்தார். பதக்கம் வாங்கினால்தான் இரண்டாவது வாய்ப்பு சரி என்று ஆகாது. கடைசி இடத்தில் ஓடி முடித்திருந்தாலும் அந்த விதி சரியானதே, ஏனென்றால் உதவிக்குப் போவதைத் தண்டனைக் குறைப்போடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் உதவி கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் இருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. டீம் கவுன்சிலருக்கு சம்பளம் கொடுப்பது விளையாட்டுத் துறை. அவர் அறை கோச்சின் அறைக்கு எதிரில். உள்ளே போவதை எல்லோரும் பார்ப்பார்கள், சாயங்காலத்துக்குள் "அவனுக்கு என்னப்பா பிரச்சினை?" என்று கேள்வி வரும். என்.சி.ஏ.ஏ. தன் மனநல வழிகாட்டுதலைப் புதுப்பித்து 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது, கல்லூரிகள் அதற்கு இசைவான சேவை தர வேண்டும் என்றும் கேட்கிறது. நல்லது. ஆனால் நீங்கள் சுவரொட்டி ஒட்டி, வருஷத்துக்கு ஒரு நாள் மனநல விழிப்புணர்வின் அடையாளமான பச்சை ரிப்பன் கட்டினால் இது நடக்காது. கவுன்சிலரின் குறிப்புகள் கோச்சுக்குப் போகக்கூடாது, ஒழுங்குக் கமிட்டிக்கும் வீரரின் சம்மதம் இல்லாமல் போகக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முதல் சந்திப்பிலேயே வீரரிடம் சொல்லிவிட வேண்டும். சம்மதத்தோடு வரும்போது அதைக் கேட்க உங்கள் கமிட்டியில் ஒருவருக்காவது பயிற்சி வேண்டும்.

திரும்பி வருவதைப் பற்றியும் கொஞ்சம். தண்டனை முடிந்த தேதியில் "நாளை காலை பயிற்சிக்கு வா" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான் பல இடங்களில். லிகமெண்ட் கிழிந்த முட்டிக்கு நான் எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறேன்: முதலில் நடை, அப்புறம் நேர்கோட்டில் ஓட்டம், அப்புறம் திரும்புதல், கடைசியில்தான் மற்றவர் மேல் மோதும் ஆட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை. சஸ்பென்ஷனிலிருந்து வருபவருக்கும் இப்படிக் கட்டங்கள் வேண்டும். அவரால் காயப்பட்டவர் டீமில் இருந்தால் அவரிடம் முதலில் பேச வேண்டும், அவருக்கு விருப்பமில்லாமல் கட்டாயச் சமாதானக் கைகுலுக்கல் எல்லாம் வேண்டாம். கவுன்சிலரிடம் போவது தொடர்கிறதா, தூக்கம் எப்படி, குடி நின்றதா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அணியைத் தேர்வு செய்பவராக இருக்கக்கூடாது. நிபந்தனையை மீறினால் என்ன என்பதும் முன்பே எழுத்தில் இருக்கட்டும். ஒருவேளை அவர் மறுபடி அணிக்கு வராமலே போகலாம், அப்போதும் படிப்பை முடிக்க வழி செய்யுங்கள்.

அடுத்த சீசனுக்கான வீரர் கையேட்டை நீங்கள் எப்படியும் திருத்துவீர்கள். அப்போது உங்கள் சஸ்பென்ஷன் கடிதத்தின் மாதிரிப் படிவத்தை எடுங்கள். அதில் சேர்க்க வேண்டியவை: "இந்த வாரம் நீங்கள் பார்க்கக்கூடிய கவுன்சிலர் இன்னார், அவர் அறைக்கு நீங்கள் வருவதற்குத் தடை எதுவும் இல்லை. விசாரணைக்கு உங்களோடு ஒருவரை அழைத்து வரலாம். இந்தத் தேதிக்குள் விசாரணை முடியும், முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவோம்." இந்த வரிகளைச் சேர்த்து, கையெழுத்துக்கு மேலே, கண்ணில் படும் அளவு எழுத்தில் அச்சிடுங்கள். சேர்த்துவிட்டு உங்கள் அணிகளின் பிசியோக்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். "நான் இன்னும் உங்களிடம் வரலாமா?" என்று பிள்ளைகள் முதலில் கேட்பது எங்களைத்தான், எங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.